இதம் என்ற சொல்லும் ஐரிஷ் மெட்டுகளும்

கிதாரில் விரல்களால் மீட்டி வாசிக்கப்படும் ஐரிஷ், ஸ்காட்டிஷ் மெட்டுகளைக் கேட்டவர்கள் சொல்வதையெல்லாம் வடிகட்டினால் பெரும்பாலும் ஒரு சொல்தான் மிஞ்சுகிறது: இதம். மனசு லேசாகிறது, அலைச்சல் அடங்குகிறது, தூக்கம் வருகிறது என்பவை அதன் விரிவுரைகள். இசைத்தட்டு விற்றவர்களும் சரி, இன்று கைபேசி வழியே இசை வழங்குபவர்களும் சரி, தியானம், நித்திரை, மழைநாள் என்று வகை பிரித்து இந்த மெட்டுகளை அதற்குள் போட்டு வைக்கிறார்கள். பாராட்டாகத்தான் சொல்லப்படுகிறது இந்தச் சொல். எனக்கு வசையாகப் படுகிறது. வசையைவிடவும் மோசம் என்று சொல்லலாம். வசை சொல்கிறவன், எதிரே ஏதோ ஒன்று நின்றுகொண்டிருக்கிறது என்றாவது ஒப்புக்கொள்கிறான்.

எந்த மெட்டுகள் இவை? ஆட்டத்துக்கான ஜிக், ரீல் வகைகளை நான் சொல்லவில்லை. அங்கே 'ஸ்லோ ஏர்' என்று அழைக்கப்படுவது வேறு. ஒரு பாட்டின் மெட்டை, வார்த்தைகளை விட்டுவிட்டு, விளம்ப காலத்தில், தாளக்கட்டு இல்லாமல் வாத்தியத்தில் வாசிப்பது. பின்னால் இருக்கும் பாட்டுகளில் கணிசமானவை இரங்கல்கள். கடலில் போனவனுக்கு, தூக்கில் போனவனுக்கு, கப்பலேறிப் போனவளுக்கு, பறிபோன நிலத்துக்கு. காதல் பாட்டு என்றாலும் கைவிடப்பட்டவரின் வாயிலிருந்து வருவதுதான் அதிகம். சாவு வீட்டு வாசலில் நின்று ஒப்பாரியைக் கேட்டுவிட்டு, 'சாரீரம் நன்றாயிருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் போகிறவனை நாம் ரசிகன் என்று சொல்ல மாட்டோம். கிதார் விஷயத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் இதற்குக் கேட்பவனை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. வாத்தியத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. அதைப் பார்க்க, பாட்டு வாயிலிருந்து வந்த இடத்துக்குப் போக வேண்டும்.

ஐரிஷ் மொழியில் இந்தப் பாட்டுகளைப் பாடும் முறைக்கு ஷான் நோஸ் என்று பெயர். 'பழைய முறை' என்று அர்த்தம். பக்கவாத்தியம் கிடையாது. ஒற்றைக் குரல். குரலை ஏற்றி இறக்கி உணர்ச்சி காட்டுவது வழக்கமில்லை. முகத்தில் எதுவும் தெரியாது. எல்லாம் ஸ்வரத்தைச் சுற்றி வரும் சின்னச் சின்ன அலங்காரங்களிலும், ஒரு வார்த்தையை எவ்வளவு நேரம் பிடித்து வைப்பது என்பதிலும்தான். கடைசி வரியின் கடைசி வார்த்தைகளைப் பாடாமல், சாதாரணப் பேச்சுக் குரலில் சொல்லி முடிக்கிற பாடகர்கள் உண்டு. பாட்டு முடிந்தது, நாம் இதே அறையில்தான் இருக்கிறோம் என்று அறிவிப்பதுபோல.

அங்கே கேட்பவனுக்கு ஒரு வேலை இருந்தது. பாட்டின் நடுவிலேயே, ஒரு நல்ல வரி விழுந்த இடத்தில், அவன் வாய்விட்டு ஆமோதிப்பான். சில இடங்களில், பாடுகிறவரின் கையைப் பக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொண்டு பாட்டின் போக்குக்கு மெல்லச் சுழற்றிக்கொண்டிருப்பார். ரசனை என்பது பாட்டு முடிந்தபின் சொல்லும் அபிப்பிராயம் என்றில்லாமல், பாட்டு நடக்கும்போதே அதன் பாரத்தில் ஒரு பங்கைக் கையில் வாங்கிக்கொள்வதாக இருந்திருக்கிறது. இதம் என்ற சொல்லை அந்தக் கையைப் பிடித்திருந்தவர் சொல்லியிருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள்.

பாட்டு வாத்தியத்துக்குப் போனபோது முதலில் பைப்புக்கும் ஃபிடிலுக்கும் குழலுக்கும் போயிற்று. முழங்கைக்கடியில் துருத்தி வைத்து ஊதும் ஐரிஷ் பைப்பில் ஸ்வரம் அறுபடுவதில்லை. அடியில் ஆதார சுருதி ஓயாமல் நிற்கும். ஃபிடிலில் வில் இருக்கிறது; குழலில் மூச்சே இருக்கிறது. பிடித்து நிறுத்த வேண்டிய ஸ்வரத்தை இவை பிடித்து நிறுத்தும். கிதாரால் முடியாது. மீட்டிய கணத்திலேயே ஸ்வரம் சாக ஆரம்பித்துவிடுகிறது. அதை வளர்க்கவோ, நடுவில் ஊதிப் பெருக்கவோ வழியில்லை. நீண்ட மூச்சுக்காகவே உருவான மெட்டு, மூச்சே இல்லாத வாத்தியத்துக்கு வந்து சேருகிறது. வீணையின் பிரச்னையும் இதுதான். ஆனால் வீணையில் தந்தியை இழுத்து, அணைகிற நாதத்துக்குள்ளேயே கமகத்தை ஓட்டி, கொஞ்ச தூரம் கொண்டுபோகலாம். கிதாருக்கு அந்தச் சலுகையும் குறைவு.

இந்த மெட்டுகளுக்குக் கிதார் ஒன்றும் பரம்பரைச் சொந்தமில்லை. விரல்களால் தனி வாத்தியமாக வாசிக்கும் வழி 1960களில்தான் திறந்தது. திறந்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் டேவி கிரஹாம் (1940-2008). மொராக்கோவுக்குப் போய் அங்கத்திய வாத்தியக்காரர்களோடு பழகி வந்தவர், கிதாரின் சுருதியை மாற்றினார். வழக்கப்படி ஆறு தந்திகளும் அடியிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ. இதில் முதல், இரண்டாம், ஆறாம் தந்திகளை ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் டி, ஏ, டி, ஜி, ஏ, டி. எழுத்துகளைச் சேர்த்து டாட்காட் என்கிறார்கள். டியை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் நம் கணக்கில் ஸ, ப, ஸ, ம, ப, ஸ. கவனிக்க வேண்டியது, திறந்த தந்திகளில் காந்தாரம் இல்லை. மேற்கத்தியக் காதுக்கு இது மேஜரா மைனரா என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதித் தருவது காந்தாரம்தான். அந்தத் தீர்ப்பைத் தந்திகள் சொல்ல மறுக்கின்றன. மெட்டு வந்து தானே காந்தாரத்தைத் தொடும்வரை கேட்பவன் காத்திருக்க வேண்டும்.

'ஷீ மூவ்டு த்ரூ த ஃபேர்' என்ற மெட்டை கிரஹாம் வாசித்தது 1963இல் வெளிவந்தது. டோனகால் பகுதியில் கிடைத்த மெட்டு அது. பாட்ரிக் கோலம் வார்த்தைகள் எழுத, ஹெர்பர்ட் ஹியூஸின் தொகுப்பில் 1909இல் அச்சானது. ஸ்வரங்களை மட்டும் பார்த்தால் நம் ஹரிகாம்போதி வரிசை. ராகம் என்று சொல்ல வரவில்லை; வரிசை மட்டும். கல்யாணம் நிச்சயமான பெண் சந்தைக்குள் நடந்து விலகிப் போகிறாள். கடைசியில் இரவில் வருகிறாள். வருபவள் உயிருள்ளவளா, இறந்தவளா, கனவா என்பதில் பாடுகிறவர்களுக்குள்ளேயே பாட பேதம் உண்டு. கிரஹாமின் வாசிப்பில் அடித்தந்தி ஆதாரமாக நிற்க, மெட்டு மேலே தனியாக அலைகிறது. அராபிய வாத்தியத்தையும் நம் ஊர் ஆலாபனையையும் கேட்டவரின் கை அது. வார்த்தை இல்லை. ஆனால் பாட்டு முடிவு சொல்லாமல் விட்ட அந்த இடம் அப்படியே இருக்கிறது. காந்தாரத்தை ஒத்திப்போடும் சுருதியும், மீட்டியவுடன் அகன்று போகும் ஒலியும், விலகிப் போகிறவளின் பாட்டுக்கு வாய்த்த பொருத்தங்கள். வாத்தியத்தின் குறையே இங்கே அர்த்தமாகிவிடுகிறது. இதைக் கேட்டுவிட்டு ஒருவன் கலங்கலாம், எரிச்சல் படலாம், அலுத்துக்கொள்ளலாம். இதம் என்று சொல்ல என்ன இருக்கிறது?

ஆனால் இதே சுருதிதான் பின்னால் வாசனைத் திரவியமாகவும் ஆயிற்று. திறந்த தந்திகள் எல்லாம் ஒன்றோடொன்று இசைந்து ஒலிப்பதால், எதைத் தொட்டாலும் தப்பாக ஒலிக்காது. ஸ்வரம் அணையும் இடத்திலெல்லாம் நாலு தந்தியை உருட்டிவிட்டால் போதும். வெற்றிடம் நிரம்பிவிடும், ஒரு மினுமினுப்பு வந்துவிடும். இதம் என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் இந்த மினுமினுப்பைத்தான். மெட்டைச் சுற்றி ஊற்றப்பட்ட பாகு.

இதம் சொல்பவனை விட்டால் இன்னும் இரண்டு வகைக் கேட்பவர்கள் உண்டு. ஒருவன் கைப்பழக்கக்காரன். எந்தச் சுருதி, நகமா சதையா, தந்தி எவ்வளவு கனம், கிதாரின் முகப்பு எந்த மரம் என்று கேட்பான். 1970களில் ஸ்டெஃபன் கிராஸ்மன் போன்றவர்கள் நடத்திய கிக்கிங் ம்யூல் என்ற கம்பெனி, தன் இசைத்தட்டுகளுக்கு எந்தத் தந்தியில் எந்த இடத்தில் விரல் வைப்பது என்ற குறிப்புப் புத்தகங்களையும் சேர்த்து விநியோகித்தது. கேட்பவர்களில் பெரும்பகுதி வாசிக்கிறவர்களாகவே இருக்கிற ஒரு சமூகம் இதனால் உருவானது. இவர்களை நான் மதிக்கிறேன். இதம் சொல்பவன் கேட்காத ஆயிரம் விஷயங்கள் இவர்கள் காதில் விழுகின்றன. ஆனால் எப்படி வாசித்தான் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்ததும் இவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். ஏன் அங்கே நிறுத்தினான் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. யாப்பைப் பிழையறக் கற்றுக்கொண்டு கவிதையை விட்டுவிட்ட நம் பண்டிதர்களை ஞாபகப்படுத்துகிறார்கள்.

அடுத்தவன் சுத்தவாதி. கிதாரே அந்நியம், அடுக்குச் ஸ்வரங்களை இந்த மெட்டுகளின் மேல் ஏற்றுவது அவற்றை ஐரோப்பிய அச்சில் வார்ப்பது என்பது அவன் கட்சி. இதை லேசில் தள்ளிவிட முடியாது. அயர்லாந்தின் ஷான் ஓ ரியாடா (1931-1971) 1962இல் வானொலியில் பேசிய 'நமது இசை மரபு' என்ற தொடரில், இந்த இசை ஐரோப்பிய செவ்வியல் இசையின் பிள்ளை இல்லை, அதன் கட்டுமானம் கீழை இசைகளுக்கு நெருக்கமானது என்று வாதாடினார். ஒற்றை மெட்டைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் சற்றே மாற்றி வனைவதுதான் இதன் ஜீவன் என்றால், அடியில் வைக்கும் ஒவ்வொரு அடுக்கும் அந்த மாற்றத்துக்கு விலங்குதான்.

சரிதான். ஆனால் சுத்தம் எப்போது இருந்தது? 1792 ஜூலையில் பெல்ஃபாஸ்டில், எஞ்சியிருந்த ஹார்ப் கலைஞர்களைத் திரட்டி ஒரு கூட்டம் நடந்தது. அயர்லாந்திலிருந்து வந்தவர்கள் 10 பேர். பலர் கண் தெரியாதவர்கள். அவர்கள் வாசித்ததை எழுதிக்கொள்ள அமர்த்தப்பட்டவர் எட்வர்ட் பண்டிங் என்ற 19 வயது ஆர்கன் வாத்தியக்காரர். எழுதிக்கொண்டார், 1796இல் அச்சிட்டார், பியானோவுக்கு ஏற்றபடி. பின்னால் 1809, 1840 தொகுப்புகளும் வந்தன. காகிதத்தில் ஏறிய முதல் நாளே அந்த இசை வேறு வாத்தியத்தின் உடம்புக்குள் போய்விட்டது. சொல்லப் போனால், பித்தளைத் தந்திகளை மீட்டி, எதை ஒலிக்க விடுவது எதை விரலால் அணைப்பது என்று ஒவ்வொரு கணமும் தீர்மானிக்க வேண்டியிருந்த அந்த ஹார்ப்புக்கு, பியானோவைவிடக் கிதார் நெருங்கிய உறவு. ஓ ரியாடாவே பழைய ஹார்ப்பின் ஒலியைத் தேடி ஹார்ப்சிகார்டை எடுத்துக்கொண்டவர்தான்.

சுத்தவாதியும் இதம் சொல்பவனும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே பொருளாகப் பார்க்கிறார்கள். 'கெல்டிக்' என்ற ஒட்டுச்சீட்டு இதற்கு உதவுகிறது. 1707இல் எட்வர்ட் லூயிட் ஒரு மொழிக் குடும்பத்துக்கு வழங்கிய பெயர் அது. இன்று பனிமூட்டமாக ஒலிக்கும் எதற்கும் விலைச்சீட்டாகிவிட்டது. டர்லோ கரோலனை (1670-1738) எடுத்துக்கொள்ளுங்கள். 18 வயதில் வைசூரியில் பார்வை இழந்து, ஹார்ப்போடு குதிரையேறி, வீடு வீடாகப் போய் விருந்தளித்தவர்களின் பெயரில் மெட்டமைத்தவர். 200க்கு மேல் மெட்டுகள் அவர் பெயரில் இருக்கின்றன. அவற்றில் அக்காலத்து இத்தாலிய இசையின் துள்ளல் தெளிவாகக் கேட்கும். அவை மீட்டு வாத்தியத்திலேயே பிறந்தவை. கிதாரில் சுலபமாக உட்காருகின்றன. ஜான் ரென்பர்ன் (1944-2015) 1976இல் வெளியிட்ட 'த ஹெர்மிட்' தட்டில் கரோலனின் மெட்டுகளைப் பழைய லூட் வாத்திய இசையோடு சேர்த்து வைத்தது நியாயமான தீர்ப்பு. ஆனால் ஷான் நோஸ் பாட்டின் மெட்டு அப்படி உட்காராது. உட்கார்ந்துவிட்டால் சந்தேகப்பட வேண்டும். இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு, வித்தியாசம் தெரியாமல் இரண்டுக்கும் ஒரே சொல்லைச் சொல்கிற காதை வைத்துக்கொண்டு விமர்சனம் செய்ய முடியாது.

பாட்டின் வார்த்தைகள் தெரியாமல் மெட்டை வாசிக்கக் கூடாது என்பது அங்கத்திய வாத்தியக்காரர்களிடம் ஒரு விதி. நல்ல விதி. நம் கச்சேரியில் குழலில் கிருதி கேட்கும்போது சாகித்யம் மனசுக்குள் கூடவே ஓடுகிறதே, அதுபோல. ஆனால் எல்லா மெட்டையும் இந்த விதியால் திறந்துவிட முடியாது. லண்டன்டெரி மெட்டு என்று உலகமே அறிந்தது, ஜேன் ராஸ் என்ற பெண்மணி லிமவாடியில் கேட்டு எழுதி, ஜார்ஜ் பெட்ரியின் 1855 தொகுப்பில் வார்த்தையில்லாமல் அச்சானது. வாசித்தவரின் பெயரும் அதில் இல்லை. 'டானி பாய்' என்று இன்று எல்லோரும் பாடும் வார்த்தைகள் ஃப்ரெட் வெதர்லி என்ற ஆங்கிலேய வக்கீல் எழுதி 1913இல் வந்தவை. அங்கே வார்த்தையைத் தேடிப் போனால் வக்கீலிடம்தான் போய்ச் சேருவோம்.

ஆக, தெரிய வேண்டியது வார்த்தைகூட இல்லை; அங்கே ஒரு மூச்சு இருந்தது என்பது. மெட்டின் ஒவ்வொரு வரியும் ஒரு மனிதனின் நெஞ்சு தாங்கும் நீளம். நல்ல கிதார்க்காரன் அந்த நீளத்தைக் காப்பாற்றுகிறான். நீண்ட ஸ்வரத்தை மீட்டிவிட்டு, அது அணைவதைத் தானும் உட்கார்ந்து கேட்கிறான். பாடகன் மூச்சு வாங்கியிருக்கும் இடத்தில் அடுத்ததை எடுக்கிறான். மற்றவன் அணைவதற்குப் பயந்து உருட்டி நிரப்புகிறான். நான் வைத்திருக்கும் உரைகல் இந்த ஒன்றுதான். ஸ்காட்லாந்தின் டோனி மக்மேனஸ் பைப்புக்கே உரிய வெட்டுகளையும் சுழற்றல்களையும் இடக்கை விரல்களால் கொண்டுவருகிறார். குரலின் அலங்காரத்துக்கு இவ்வளவு அருகில் கிதார் போனதில்லை. சில சமயம் அந்த விரல்களின் அற்புதமே மெட்டை மறைத்துக்கொண்டு நிற்பதும் உண்டு. ஆல்ஜீரியாவில் பிறந்த பிரெஞ்சுக்காரர் பியர் பென்சுசான் 1975இல் தன் முதல் தட்டைப் பதினேழு பதினெட்டு வயதில் போட்டவர். டாட்காட் சுருதியைத் தன் தாய்மொழியாகவே ஆக்கிக்கொண்டார். அவரிடம் மூச்சு இருக்கிறது. ஆனால் அது மெல்ல மெல்ல ஐரிஷ் மூச்சாக இல்லாமல் அவருடையதாக ஆகிவிட்டது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. கடன் வாங்கியதைச் சொந்தமாக்க ஒரே வழி அதுதான்.

ஐரிஷ் மொழி தெரியாத நான் இதையெல்லாம் எந்த உரிமையில் கேட்கிறேன் என்று கேட்கலாம். 1841இல் அயர்லாந்தின் ஜனத்தொகை 80 லட்சத்துக்கு மேல். 1845இல் தொடங்கி 1852 வரை நீண்ட பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். கிட்டத்தட்ட அதே அளவினர் கப்பலேறினார்கள். மேற்குக் கரையின் ஐரிஷ் பேசிய ஏழைகள்தான் அதிகம் போனது. பாட்டுகளின் மொழியைச் சொந்த ஊரிலேயே குறைவானவர்களுக்குத்தான் தெரியும் என்ற நிலைக்கு அது ஒரு பெரிய காரணம். ஷான் நோஸின் மகத்தான பாடகர்களில் ஒருவரான ஜோ ஹீனி (1919-1984), கானமாராவின் கார்னாவில் பிறந்து அமெரிக்கா போய், நியூயார்க்கில் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தின் வாசல் காவலராக வேலை பார்த்தார். அந்த வாசலில் போய் வந்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரிந்திருக்கும்? 1982இல் அந்நாட்டின் தேசிய மரபுக் கலைஞர் விருது கிடைத்தது. இரண்டு வருஷத்தில் இறந்துபோனார்.

மொழி தெரியாதது ஊனம் இல்லை. தெரியாது என்பது தெரியாமல் கேட்பதுதான் ஊனம். வார்த்தை இருந்த இடம் காலியாக இருக்கிறது என்பதைக் கிதார் மறைப்பதில்லை. நல்ல வாசிப்பில் அந்தக் காலி இடமே கேட்கிறது. இதம் என்ற சொல் அந்த இடத்தில் மெத்தை போட்டு விடுகிறது. மொழிபெயர்ப்பில் வரும் அந்நியக் கவிதைகளுக்கு நம் பத்திரிகைகளில் நாம் எழுதும் 'எளிமை', 'மென்மை', 'மனதை வருடுகிறது' எல்லாம் இதே மெத்தைதான். கவிதையில் நமக்கு எட்டாமல் போன பகுதியின் அளவைச் சொல்லத் துப்பில்லாதபோது, எட்டிய பகுதியை வருடிவிட்டு வந்துவிடுகிறோம். நம்மைப் போன்ற இருநூறு பேர்கூட அதைச் செய்யக் கூடாது என்றால், பிறகு யாரிடம் எதிர்பார்ப்பது?

பெல்ஃபாஸ்ட் கூட்டத்துக்கு வந்தவர்களில் டெனிஸ் ஹெம்ப்சனுக்கு அப்போது 97 வயது என்று பதிவாகியிருக்கிறது. பழைய முறைப்படி நீண்ட நகங்களால் வாசித்தவர் அவர் ஒருவர்தான். மிகப் பழைய உருப்படிகளை வாசிக்கச் சொல்லி பண்டிங் கேட்டபோது அவர் தயங்கினார். இதை வாசித்து என்ன பயன், இனி புரிந்துகொள்ள ஆள் இல்லை, கூட வாசிக்கிறவர்களுக்கே புரியாது என்கிற அர்த்தத்தில் சொன்னதாக பண்டிங் எழுதி வைத்திருக்கிறார். வற்புறுத்தியபின் வாசித்தார். இசை அழிந்துபோகும் என்று அந்தக் கிழவர் கவலைப்படவில்லை. அது அவர் விரல்களில் இருந்தது. கேட்கிற காது போய்விட்டது என்பதுதான் அவர் சொன்னது. கிதார்க்காரர்கள் தங்களால் ஆனதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர் சொன்னதற்குப் பதில் அவர்களிடம் இல்லை. அது கேட்கிறவர்கள் சொல்ல வேண்டியது.